ஐந்து மாத உயர்வு: அமெரிக்க முன்னாள் படைவீரரும் மனுத் தரகரும்



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். அரசமைப்பின் எதிர்காலம், நீதியின் இலக்கணம் என்று இருந்தால் அழைப்பிதழும் எடுப்பாக இருக்கும். நான் எடுத்துக்கொண்டு வந்திருப்பது ஒரு விண்ணப்பப் படிவம். எண் 21-526இ.இசட். அமெரிக்க ராணுவத்தில் இருந்து, உடம்பிலோ மனத்திலோ ஊனப்பட்டு வெளியே வந்தவர், அரசிடம் மாதாந்திர இழப்பீடு கேட்டு நிரப்புகிற படிவம் அது. அதை நிரப்பித் தர யார் காசு வாங்கலாம், எந்தக் கட்டத்தில் வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம்? கேள்வி இவ்வளவுதான். ஆனால் கூட்டாட்சிச் சட்டம், மாநிலச் சட்டம், பேச்சுரிமை, ஒப்பந்தச் சுதந்திரம் நான்கும் இந்த ஒரு படிவத்தின் மேல் வந்து முட்டிக்கொள்கின்றன. சட்டம் எழுதக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பணக் கணக்கு. நம்மவர்கள் சட்டத்தைப் பேசிவிட்டுக் கணக்கைக் கடைசியில் வைப்பார்கள். இங்கே கணக்கு புரியாமல் சட்டம் புரியாது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். அவர்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊன இழப்பீடு பெறுகிறார்கள். இதைக் கொடுப்பது முன்னாள் படைவீரர் விவகாரத் துறை. இனிச் சுருக்கமாகத் துறை என்கிறேன். துறை ஒவ்வொருவரின் ஊனத்தையும் 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக மதிப்பிடுகிறது. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, குடும்பப் பொறுப்பில்லாத தனி நபருக்கு 10 சதவீத ஊனத்துக்கு மாதம் 175.51 டாலர், 30 சதவீதத்துக்கு 537.42, 70 சதவீதத்துக்கு 1,759.19, முழு ஊனத்துக்கு 3,831.30. வருமான வரி கிடையாது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க வரும்.

ஒருவரை வைத்துப் பார்ப்போம். மனிதர் கற்பனை, தொகைகள் உண்மை. முதுகுவலிக்காக ஏற்கெனவே 30 சதவீதம் வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது போர்க்கள மன உளைச்சலுக்காகப் புதிதாக மனுப் போடுகிறார்; அதற்கு 50 சதவீதம் கிடைக்கிறது. முப்பதும் ஐம்பதும் எண்பது என்று நீங்களும் நானும் கூட்டுவோம். துறை அப்படிக் கூட்டாது. முழு மனிதரை நூறு என்று வைத்து, அதில் 50 போக மீதி 50; அந்த மீதியில் 30 சதவீதம் 15; ஆக 65; அதைப் பத்துக்கு முழுமையாக்கினால் 70. இந்தக் கணக்கைக் கேட்டுத் தலை சுற்றினால் வெட்கப்பட வேண்டாம், அங்கே லட்சக்கணக்கானவர்களுக்குச் சுற்றுகிறது. தரகருக்கு வழி திறப்பதும் இந்தத் தலைச்சுற்றல்தான்.

30இலிருந்து 70க்குப் போனதால் அவருக்கு மாதம் 1,221.77 டாலர் கூடுகிறது. மனு எழுத உதவிய நிறுவனம் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று கேட்பது இந்த உயர்வைப் போல ஐந்து மடங்கு. அந்தத் தொழிலில் பரவலாகப் புழங்கும் விகிதம் இது. சில இடங்களில் ஆறு மடங்கும் உண்டு. ஐந்தாலேயே பெருக்கினால் 6,108.85 டாலர். எதுவுமே வாங்காதிருந்தவர் ஒரேயடியாக முழு ஊனத்துக்குப் போனால் கட்டணம் 19,156.50. ‘ஜெயித்தால் மட்டும் கொடுங்கள்’ என்பது விளம்பர வாசகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இப்போது சட்டம் அனுமதிக்கிற கணக்கைப் பாருங்கள். முதல்முறை போடும் மனுவுக்குத் துறை முடிவு சொல்லும்வரை வழக்கறிஞர் உட்பட யாரும் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. முடிவு பாதகமாக வந்து, மேற்கொண்டு போராட வேண்டிய கட்டத்தில்தான் கட்டணம் பேசலாம். அப்போதும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை என்றால் நியாயமான கட்டணம் என்று கொள்ளப்படும்; மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று கொள்ளப்படும். நம்முடைய மனிதருக்கு நான்கு மாத நிலுவை வந்தது என்று வையுங்கள்: 4,887.08 டாலர். வழக்கறிஞர் மறுப்புக்குப் பிறகு போராடி வாங்கித் தந்திருந்தால் அவருக்குச் சேர்வது சுமார் 977. நிறுவனம் கேட்பதோ நிலுவை மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, அதற்கு மேலும் ஆயிரத்து இருநூறு டாலருக்கு மேல். அந்த மிச்சம் அடுத்த மாதங்களின் இழப்பீட்டிலிருந்து, வங்கிக் கணக்கில் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் வழியாகப் போகும். இனிமேல் வரப்போகிற ஊனப் பணத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

தொழில் எப்படி நடக்கிறது? முகநூலில் விளம்பரம் வரும். பேசுகிறவரும் பெரும்பாலும் முன்னாள் படைவீரராகவே இருப்பார். கேள்வித்தாள் ஒன்று அனுப்புவார்கள். எந்தெந்த நோயைச் சேர்த்துக் கேட்கலாம் என்று சொல்லித் தருவார்கள். நேரில் பார்த்திராத மருத்துவரிடமிருந்து, இந்த நோய்க்கு ராணுவப் பணியே காரணம் என்ற கடிதம் வாங்கித் தருவதும் உண்டு. துறையின் இணையக் கணக்குக்கான கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பலர் புகார் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் தயாரான பின், படிவத்தைச் சமர்ப்பிப்பவர் மட்டும் படைவீரர். கையெழுத்து அவருடையது. பிரதிநிதியின் பெயர் எழுதும் கட்டம் காலி. துறையின் பதிவேட்டில் இந்த நிறுவனம் என்று ஒன்று இருந்ததற்கான தடயமே கிடையாது. மனுவில் மிகைப்படுத்திய கூற்று ஏதாவது இருந்து, பின்னால் துறை பணத்தைத் திருப்பிக் கேட்டாலோ மோசடி வழக்குத் தொடுத்தாலோ, கூண்டில் நிற்பவரும் கையெழுத்துப் போட்டவர்தான்.

பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்த ஒரு உத்தியைச் சொல்ல வேண்டும். துறைக்கு ஒரு தானியங்கித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் இழப்பீட்டு விவரத்தைச் சொல்லும். பார்வையற்ற, கணினி தெரியாத முதியவர்களுக்கு எவ்வளவு உதவியான வசதி! ஒரு நிறுவனத்தின் கணினியோ வாடிக்கையாளர்களின் எண்களை வரிசையாகப் போட்டு, தொகை கூடியிருக்கிறதா என்று அந்தச் சேவையைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடியது தெரிந்ததும் பில் போய்விடும். உயர்வு கிடைத்த செய்தி படைவீரருக்கு வருவதற்கு முன் பில் வந்து சேர்ந்த கதைகள் உண்டு. அந்த உயர்வு நிறுவனத்தின் உழைப்பால் வந்ததா, அவரே தனியாகப் போட்ட மனுவால் வந்ததா என்பதெல்லாம் கணினிக்குத் தேவையில்லாத விவரம்.

இனி வரலாறு. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்குச் சம்பளம் ரொக்கமாகக் கிடைக்கவில்லை. கடன் பத்திரங்கள் கிடைத்தன. வயிற்றுப்பாட்டுக்காக அவர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். 1790இல் புதிய அரசின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முழுத் தொகை என்றார். ஜேம்ஸ் மேடிசன் குறுக்கிட்டார்: முதலில் வைத்திருந்த வீரருக்கும் ஒரு பங்கு போகட்டும் என்றார். அவருடைய யோசனை பிரதிநிதிகள் அவையில் 36க்கு 13 என்ற கணக்கில் தோற்றது. ஹாமில்டன் பக்கமும் நியாயம் இருந்தது: பத்திரத்தின் நம்பகம் போனால் நாட்டின் கடன் வாங்கும் சக்தியே போய்விடும். ஆனால் கால் விலைக்கு வாங்கிப் போட்டவன் கொழுத்தான் என்ற கசப்பு அந்த நாட்டின் நினைவில் தங்கிவிட்டது.

உள்நாட்டுப் போர் வந்தபோது அந்தக் கசப்பு சட்டமாயிற்று. 1862ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் மனு முகவருக்கு 5 டாலர் உச்சவரம்பு வைத்தது. 1864இல் அது 10 டாலர் ஆனது. மீறினால் தண்டனை. இந்தப் பத்து டாலர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே நின்றது. விலைவாசி எங்கோ போய்விட்டது. பத்து டாலர் பத்து டாலராகவே இருந்தது.

வரம்பு வைத்ததும் தரகர்கள் ஒழிந்துவிட்டார்களா? இல்லை. வாஷிங்டனில் ஜார்ஜ் லெமன் என்பவர் இருந்தார். அவரே உள்நாட்டுப் போரில் அடிபட்டவர். தலைக்குப் பத்து டாலர்தான் என்றால் தலைகளைப் பெருக்குவோம் என்பது அவர் கண்ட வழி. 1877இல் ‘தி நேஷனல் டிரிபியூன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நிலுவையோடு சேர்த்து ஓய்வூதியம் கொடு என்று படைவீரர்களைத் திரட்டி நாடாளுமன்றத்துக்கு எழுத வைத்தார். 1879இல் நிலுவைச் சட்டம் வந்தது. மனுக்கள் வெள்ளமாக வந்தன. அவற்றில் பல்லாயிரம் அவருடைய அலுவலகத்தின் வழியாக. படைவீரர் உரிமைக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே, அந்த உரிமையில் பிழைத்தவரும் அவரே. எனக்கு அவரை முழுக்க வில்லனாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒரு சூத்திரத்தை அவர் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்: அரசு சலுகையை விரிவாக்கும் ஒவ்வொரு முறையும் தரகரின் சந்தையும் விரிகிறது.

அந்தச் சூத்திரம் 2022இல் மறுபடி நிரூபணமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ஜோ பைடன் பாக்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவ முகாம்களின் குப்பையைத் திறந்த குழிகளில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு வந்த பல நோய்களுக்குப் பணியே காரணம் என்று இந்தச் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நச்சுக்கு ஆளானவர்களின் ரத்த அழுத்தத்தையும் பட்டியலில் சேர்த்தது. அனுமானம் என்றால் படைவீரர் காரணத்தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை. மனு எளிதாகிவிட்டது. எளிதான மனுவுக்குத் தரகர் தேவைப்படக் கூடாது அல்லவா? நேர்மாறாக விளம்பரங்கள் பெருகின. எளிதான மனு ஜெயிக்கும், ஜெயித்தால் கட்டணம், உழைப்போ குறைவு. 2024 நிதியாண்டில் துறை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களை முடித்தது.

சட்ட வரலாற்றில் இன்னும் இரண்டு படிகள் ஏற வேண்டும். பத்து டாலர் வரம்பை எதிர்த்து அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளான படைவீரர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் வரம்பைக் காப்பாற்றியது. பெரும்பான்மைக்கு எழுதியவர் நீதிபதி ரென்குவிஸ்ட். துறையும் படைவீரரும் எதிரிகள் அல்லர். இந்த நடைமுறை வழக்காடும் முறையும் அல்ல. வக்கீல்கள் நுழைந்தால் அது வழக்குமன்றமாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். மறுத்து எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். தன் சொந்தப் பணத்தில் தனக்கு வேண்டிய வக்கீலைக் கலந்துகொள்வது தனிமனித சுதந்திரம், அதை அரசு பத்து டாலரில் பூட்டி வைப்பது தந்தைமை மனப்பான்மை என்ற திசையில் அவர் வாதம் போகிறது. மாணவர்கள் இரண்டையும் படிக்க வேண்டும். நான் ஸ்டீவன்ஸ் பக்கம் சாய்கிறவன். இன்று தரகு நிறுவனங்கள் ஸ்டீவன்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

அதன் பிறகு நாடாளுமன்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தது. 1988இல் படைவீரர் முறையீடுகளுக்கென்று தனி நீதிமன்றம். துறையின் மேல்முறையீட்டு வாரியம் சொல்லும் இறுதி முடிவுக்குப் பிறகு வக்கீல் கட்டணம் வாங்கலாம். 2006இல் இன்னும் முன்னதாக, படைவீரர் தம் மறுப்பைத் தெரிவித்த கட்டத்திலிருந்தே வாங்கலாம். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தில், முதல் முடிவு வந்ததிலிருந்தே வாங்கலாம். கட்டணம் வாங்குகிறவர் துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வக்கீல் அல்லாத முகவர் என்றால் தேர்வு எழுத வேண்டும், நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு, தொடர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும்.

அந்த 2006 திருத்தத்தில் ஒரு விபரீதம் நடந்தது. அதுவரை சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டணம் வாங்கினால் அபராதமும் சிறையும் இருந்தன. கட்டண விதிகளைத் திருத்தி எழுதும்போது அந்தத் தண்டனைப் பகுதி விழுந்துவிட்டது. தடை இருக்கிறது: அங்கீகாரம் இல்லாதவர் மனுவைத் தயாரிக்கவோ, சமர்ப்பிக்கவோ, நடத்தவோ கூடாது. மீறினால் என்ன? ஒன்றுமில்லை. அங்கீகாரம் பெற்றவர் தப்புச் செய்தால் துறை அங்கீகாரத்தைப் பறிக்கலாம். அங்கீகாரமே பெறாதவரிடம் பறிக்க என்ன இருக்கிறது? துறை எச்சரிக்கைக் கடிதம் எழுதுகிறது, நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறது. அவர்கள் நாங்கள் பிரதிநிதிகள் அல்ல, ஆலோசகர்கள் என்று பதில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். கடித்துக் காட்டப் பல் இல்லாத காவல் நாயை வாசலில் கட்டிவைத்த கதைதான்.

பல்லைத் திரும்ப வைக்கக் கார்டு என்ற பெயரில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா பலமுறை வந்தது. இரு கட்சிகளையும் சேர்ந்த மாநில அட்டர்னி ஜெனரல்கள் பலர் ஆதரித்தார்கள். எதிர்த்திசையில் பிளஸ் என்றும் சாய்ஸ் என்றும் மசோதாக்கள் வந்தன. அவை முதல் மனுவுக்கும் கட்டணம் வாங்க அனுமதிப்பவை. அதற்கு வைத்த உச்சவரம்பைப் பாருங்கள்: மாத உயர்வின் ஐந்து மடங்கு அல்லது 12,500 டாலர், இரண்டில் எது குறைவோ அது. தொழில் நடத்துகிறவர்களின் விலைப்பட்டியலே அப்படியே சட்டப் பிரிவாக உட்கார்ந்துகொள்கிறது. இதை உச்சவரம்பு என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கூட்டாட்சி அரசு இப்படி இழுபறியில் நிற்கும்போது மாநிலங்கள் களத்தில் இறங்கின. அமெரிக்க அமைப்பில் நுகர்வோர் பாதுகாப்பும், வக்கீல் தொழிலின் ஒழுங்கும், ஒப்பந்தச் சட்டமும் மாநிலங்களின் கையில் உள்ளவை. நியூ ஜெர்சி 2023இல் இயற்றிய சட்டம் நேர்வழியில் போகிறது. கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்த வகையில் அன்றி, படைவீரர் பலன் தொடர்பாக உதவியதற்கு யாரும் ஊதியம் பெறக் கூடாது. மீறினால் மாநிலத்தின் நுகர்வோர் மோசடிச் சட்டம் பாயும். கூட்டாட்சிச் சட்டத்தில் விதி இருந்து தண்டனை இல்லை. நியூ ஜெர்சி அதே விதிக்குத் தன் தண்டனையைக் கொண்டுவந்து ஒட்டியது. லூசியானா 2024இல் எதிர்ப்பாதையில் போனது. கட்டணத்தை அனுமதித்து, 12,500 டாலர் என்று மேல்வரம்பு கட்டியது.

நியூ ஜெர்சிச் சட்டத்தை எதிர்த்து ஒரு நிறுவனம் கூட்டாட்சி நீதிமன்றம் போனது. மனு எப்படி எழுதுவது என்று ஆலோசனை சொல்வது பேச்சு, பேச்சுக்குக் காசு வாங்காதே என்பது பேச்சுரிமையைக் கட்டுவது என்பது அதன் வாதம். மாவட்ட நீதிமன்றம் இது நடத்தையைப் பற்றிய சட்டம் என்று தடையாணை மறுத்தது. 2025இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. இந்தச் சட்டம் பேச்சின் மேல் சுமை வைக்கத்தான் செய்கிறது. எந்த அளவுகோலால் அதைச் சோதிக்க வேண்டும் என்று பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. சட்டம் செல்லாது என்று அது சொல்லவில்லை. ஆனால் இனி மாநிலச் சட்டம் எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்கும்போது இந்தத் தீர்ப்பை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் தரப்பையும் ஒதுக்கக் கூடாது. அமெரிக்கன் லீஜியன், வெளிநாட்டுப் போர் வீரர் சங்கம், ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம் போன்ற பழைய அமைப்புகள் இலவசமாக மனு எழுதித் தருகின்றன. மாவட்டங்களில் அரசு ஊதியம் பெறும் படைவீரர் சேவை அலுவலர்கள் இருக்கிறார்கள். நம்மூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கிட்டத்தட்ட இணை. ஆனால் ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான மனுக்கள். தொலைபேசியில் கிடைப்பதில்லை, தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது, பழைய மனுவில் தோற்றவருக்கு அந்தப் பக்கமே போகப் பிடிப்பதில்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. காசு கொடுத்தவர்களில் பலர் திருப்தியோடு இருப்பதும் உண்மை. ஆறாயிரம் டாலர் கொடுத்து ஆயுள் முழுக்க மாதம் ஆயிரத்து இருநூறு என்றால் லாபம்தானே என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இதற்கு என் பதில் இரண்டு. அந்த உயர்வு சட்டப்படி அவருடையது. சேவை ஆவணங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் தேடித் திரட்டும் கடமையைச் சட்டம் துறையின் தலையிலேயே வைத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனையைத் துறை தன் செலவில் செய்கிறது. இரு பக்கச் சான்றும் சரிசமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே. இப்படிப் படைவீரர் பக்கம் சாய்த்துக் கட்டிய ஏற்பாட்டில், ஐந்து மடங்கு கட்டணம் எந்த உழைப்புக்கு? கட்டணம் உழைப்பைப் பொறுத்து ஏறி இறங்குவதே இல்லையே. ஊனத்தைப் பொறுத்து அல்லவா ஏறுகிறது? அதிகம் அடிபட்டவர் அதிகம் கொடுக்கிறார்.

இரண்டாவது, இந்த நிறுவனங்கள் விரும்பினால் நாளைக்கே தேர்வு எழுதி அங்கீகாரம் பெறலாம். கதவு திறந்தே இருக்கிறது. பெற்றால் கட்டண விதி கட்டுப்படுத்தும், புகார் வந்தால் விசாரணை உண்டு, ஒப்பந்தத்தைத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் வெளியே நிற்கிறார்கள். ஸ்டீவன்ஸ் கேட்டது பொறுப்புள்ள வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். எந்தப் பொறுப்புக்கும் உட்படாத ஒருவர் அதே சுதந்திரத்தை மேற்கோள் காட்டுவது வேறு சங்கதி.

வக்கீல் கட்டணமும் குறையற்றது அல்ல என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நிலுவையில் சதவீதம் என்றால் வழக்கு இழுக்க இழுக்க நிலுவை கூடும், கூடவே வக்கீல் பங்கும் கூடும். தரகரின் கோளாறு வேறு வகை: நிலுவையைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மனுப் போட உத்தேசித்திருக்கிறேன் என்று துறைக்குத் தெரிவித்தாலே ஓராண்டுக்கு அந்தத் தேதி காப்பாற்றப்படும். மனு பின்னால் போனாலும் நிலுவை அந்தத் தேதியிலிருந்து கணக்காகும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். மாத உயர்வை மட்டும் பெருக்கிப் பார்ப்பவருக்கு இதை நினைவுபடுத்த அவசரம் கிடையாது. ஒவ்வொரு மாதத் தாமதமும் படைவீரருக்கு ஒரு மாத உயர்வு நஷ்டம்.

அப்படியானால் மாநிலச் சட்டம் எப்படி எழுத வேண்டும்? பேச்சைத் தொடாமல் கையை நீட்டும் இடத்தைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. ஆலோசனை சொல்பவரைத் தடுக்கத் தேவையில்லை. புத்தகம் எழுதட்டும், காணொளி போடட்டும், வகுப்பு எடுக்கட்டும். தனி ஒருவரின் மனுவைத் தயாரித்துக் கொடுத்து, கிடைக்கப்போகும் பலனில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று எழுதலாம். கூட்டாட்சிச் சட்டத்திலேயே படைவீரர் பலனை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது என்ற விதி நெடுங்காலமாக இருக்கிறது. இது நமக்கும் புதிதல்ல: இந்தியாவின் 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டி எழுதிக்கொடுப்பதைச் செல்லாததாக்குகிறது. மாநிலம் இந்தக் கொள்கையை ஒப்பந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் போதும். செல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வசூல் ஏஜென்சி கடன் அறிக்கையில் கறை வைக்க முடியாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடப் படைவீரருக்கே உரிமை கிடைக்கும். அட்டர்னி ஜெனரல் என்றைக்கு நடவடிக்கை எடுப்பார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, பேச்சுரிமை வாதத்துக்கே இடமில்லாத நடத்தைகள் சில. இன்னொருவரின் கடவுச்சொல்லை வைத்து அரசு இணையக் கணக்கில் நுழைவது பேச்சல்ல. சமூகப் பாதுகாப்பு எண்ணைப் போட்டுத் தானியங்கிச் சேவையைக் கேட்பதும், தான் ஈட்டித் தராத உயர்வுக்குப் பில் போடுவதும் பேச்சல்ல. இவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகப் பெயர் சொல்லி எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கும். பொத்தாம்பொதுவாக ‘உதவி’ என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அள்ளிப் போடும்போதுதான் பேச்சும் சேர்ந்து வலையில் விழுகிறது, சட்டமும் சிக்கிக்கொள்கிறது. விளம்பரத்தில், இதே சேவை இலவசமாகக் கிடைக்கிறது, நாங்கள் அரசின் அங்கீகாரம் பெற்றவர்கள் அல்லர் என்று பெரிய எழுத்தில் போடச் சொல்வது வணிக விளம்பரத்தை ஒழுங்குபடுத்தும் பழைய வழி. செய்ய வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மாநிலத்தை நான் மெச்ச மாட்டேன். வலியில் இருப்பவர் அடிக்குறிப்பு படிக்க மாட்டார்.

மேல்வரம்பு வைக்கும் லூசியானா வழி பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம் என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். கூட்டாட்சிச் சட்டம் சுழியம் என்று சொல்லும் இடத்தில் மாநிலம் 12,500 என்று எழுதினால், வரம்பு என்ற பெயரில் அனுமதிச் சீட்டுதான் கைக்கு வருகிறது. 1864இன் பத்து டாலர் தலைகளைப் பெருக்கும் தொழிலை வளர்த்தது என்று பார்த்தோம். 12,500 எதை வளர்க்கும் என்று கணிக்கப் பெரிய ஜோசியம் தேவையில்லை.

கடைசியாகப் பணம். சட்டம் தரகரை விரட்டிய இடத்தில் யாராவது உட்கார வேண்டும். மாவட்டச் சேவை அலுவலரின் சம்பளம் பெரும்பாலும் மாவட்ட, மாநில நிதியிலிருந்து வருகிறது. அவர் எழுதித் தரும் மனுவால் வரும் இழப்பீடோ முழுக்கக் கூட்டாட்சிப் பணம், அது அந்த ஊர்க் கடைத்தெருவில்தான் செலவாகிறது. நம் கற்பனை மனிதர் ஒருவருடைய உயர்வே ஆண்டுக்கு 14,661.24 டாலர். இத்தகைய சில மனுக்களே ஒரு அலுவலரின் ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடான பணத்தை மாவட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும். தடைச் சட்டத்தையும் கூடுதல் அலுவலர்களுக்கான நிதி ஒதுக்கீட்டையும் ஒரே மசோதாவில் வைத்து வாக்குக்கு விட்டால், ஒன்றுக்குக் கை தூக்கிவிட்டு மற்றதைக் கிடப்பில் போட உறுப்பினர்களால் முடியாது. நிதியொதுக்கீட்டையும் கொள்கைச் சட்டத்தையும் ஒரே மசோதாவில் இணைக்கக் கூடாது என்ற விதி சில மாநில அரசமைப்புகளில் உண்டு. அங்கே இரட்டை மசோதாவாகக் கொண்டுவந்து, ஒன்று நிறைவேறினால்தான் மற்றது அமலாகும் என்று எழுதிக்கொள்ளலாம்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். மாணவர்கள் கை தூக்கத் தொடங்கிவிட்டார்கள். நிறுத்திக்கொள்கிறேன்.